ஆறு பேர், பத்தாயிரம் ரூபா: ஹட்டன் பக்கமிருந்து போய் உட்கார்ந்து சைனீஸ் சாப்பிட எங்க நல்லது?

டிக்கோயா_கவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்துருச்சு, கெம்பஸ் கிடைக்கிற அளவுக்கு நல்லா எடுத்திருக்கான். என்னடா வேணும்னு கேட்டேன். போன் கேப்பான், சப்பாத்து கேப்பான்னு இருந்தேன். "எல்லாருமா ஒரு சைனீஸ் கடைக்குப் போய் மேசையில உட்கார்ந்து சாப்பிடணும், அப்புறம் ஒரு பலூடா குடிக்கணும்"னு சொன்னான். அதுதான் இங்க கேக்கிறேன்.

நாங்க ஆறு பேர். நான், அம்மா, அப்பாயி, தம்பி, அக்காவோட பிள்ளைங்க ரெண்டு பேர் (ஏழு வயசு, நாலு வயசு). அம்மா இன்னமும் கொழுந்தெடுக்கப் போறாங்க, அதனால ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும். அப்பாயி சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டாங்க. சுகரும் இருக்கு. மத்தவங்க கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவோம், மாடு மட்டும் வேணாம். சாப்பாடு, இனிப்பு எல்லாத்துக்கும் சேர்த்து 10,000 ரூபா ஒதுக்கி வெச்சிருக்கேன். பஸ் காசு தனி.

ஹட்டன் டவுன்லயே பார்த்துக்கலாமா, நுவரெலியா போறதா, கண்டி போறதா? மெனுவைப் பார்த்து எதை எத்தனை சொல்லணும்னும் எங்களுக்குத் தெரியாது.

இன்னொண்ணு. முன்னாடி ஒரு தடவை அம்மாவோட ஒரு கடைக்குப் போயிருந்தேன். எந்தக் கடைன்னு வேணாம். கதவைத் தள்ளி உள்ள போனதுமே, உட்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்லாம "பார்சலா?"ன்னு கேட்டாங்க. அம்மா உடனே "ஆமா தம்பி, பார்சல்தான்"னு சொல்லிட்டாங்க. கதவுக்கிட்ட நின்னு வாங்கிட்டு வந்தோம். வீட்ல வந்து பிரிச்சா ரைஸ் எல்லாம் ஒட்டிப் போய் கிடந்துச்சு. அம்மா அதையே நல்லாருக்குன்னு சாப்பிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. அந்த மாதிரி இன்னொரு தடவை ஆகக்கூடாது, அதுவும் தம்பி முன்னாடி.


நுவரெலியா_லீக்ஸ் எழுதியது:

தங்கச்சி, தம்பிக்கு வாழ்த்துகள். நுவரெலியா வாங்க. நியூ பஸார் வீதியில அடுத்தடுத்து சாப்பாட்டுக் கடைங்க, பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி நடந்தே போயிடலாம். சைனீஸ் கிடைக்கிற மிலானோ ரெஸ்டோரன்ட் அங்கதான் இருக்கு, அப்பாயிக்கு சைவம் வேணும்னா அம்பாள்ஸ் அதே வீதியில இருக்கு. சாப்பிட்டு முடிச்சதும் பிள்ளைங்களை விக்டோரியா பார்க்குக்குக் கூட்டிப் போகலாம்.

ஒரே ஒரு விஷயம், ஏப்ரல் மாசம் வேணாம். சீசன் நேரம் கொழும்புக்காரங்க வாகனத்துல டவுனே நிறைஞ்சிரும், மேசை கிடைக்காது, விலையும் ஏறிரும். மத்த மாசத்துல ஞாயிற்றுக்கிழமைன்னாலும் சமாளிக்கலாம்.


கொட்டகலை_வோக் எழுதியது:

தங்கச்சி கவி, நான் கொழும்புல பல வருஷம் சைனீஸ் கிச்சன்ல நின்னவன். சட்டி கழுவுறதுல தொடங்கி, காய் வெட்டி, கடைசியில ரைஸ் போடுற அடுப்பு வரைக்கும் வந்தேன். இப்ப ஊர்ல இருக்கேன். உங்க கேள்வியைப் படிச்சதும் முதல்ல அந்தப் "பார்சலா?"வுக்குத்தான் பதில் சொல்லணும்னு தோணுச்சு.

நம்ம ஆளுங்க நிறையப் பேர் அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க. கொழும்புலயும் பார்த்திருக்கேன், ஹட்டன்லயும் பார்க்கிறேன். உட்கார்ந்தா பில் கூடுதலா வரும், வெயிட்டர் இங்கிலீஷ்ல பேசுவான், நம்ம உடுப்பைப் பார்ப்பான்னு ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துல போறது நம்ம சாப்பாடுதான். சூடான பிரைட் ரைஸை லஞ்ச் சீட்ல கொட்டி இறுக்கி மடிச்சா, அதுல இருந்து வர்ற ஆவி வெளிய போக வழியில்லாம திரும்ப சோத்துலயே இறங்கிரும். பெரிய நெருப்புல பிரட்டிப் பிரட்டி, ஒவ்வொரு சோறும் தனித்தனியா நிக்கணும்னு சமையல்காரன் பட்ட பாடு பத்து நிமிஷத்துல போயிரும். கோவா (முட்டைக்கோஸ்) தண்ணி விட்டுரும், லீக்ஸ் கறுத்துரும். வீட்ல நீங்க சாப்பிட்டது அந்தச் சமையல்காரன் போட்ட ரைஸே இல்ல.

அது எப்படிப் போடுறாங்கன்னு சொல்றேன், அப்பதான் ஏன் உட்கார்ந்து சாப்பிடச் சொல்றேன்னு விளங்கும். சோறு காலையிலயே வடிச்சிரணும். நம்ம கடைங்கள்ல பெரும்பாலும் பாஸ்மதி, சில இடத்துல கீரி சம்பா. வடிச்சதைத் தட்டுல பரத்தி ஆற வெச்சு, கையால உதிர்த்து வைக்கணும். சுடுசோத்தைச் சட்டியில போட்டா களியாயிரும். ஓடர் வந்ததும் சட்டியைப் புகை வர்ற வரைக்கும் காய வைப்போம். எண்ணெய், முட்டை, அது பாதி வேகும்போதே சோறு, உப்பு, மிளகுத்தூள். சோயா சோஸை நடுவுல ஊத்தக்கூடாது, சட்டியோட ஓரத்துல சுத்தி விடணும். சூட்டுல அது ஒரு நொடி பொசுங்குற மணம்தான் நீங்க வாசல்ல நிக்கும்போதே வர்ற அந்த மணம். கரட் முந்தி, லீக்ஸ் கடைசியில. ரெண்டுமே நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துச் சரக்கு. கொழும்புல அந்த லீக்ஸ் மூட்டையைப் பிரிக்கும்போது ஊர் மண்ணு கையில ஒட்டும்.

இதெல்லாம் நடந்து முடியிறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். அது மேசைக்கு வந்து, ஆவி அடங்குறதுக்குள்ள வாயில போகணும். அதனால சொல்றேன், கதவைத் திறந்ததும் யாரும் கேக்கிறதுக்கு முந்தி நீங்களே "ஆறு பேர், உட்கார்ந்து சாப்பிடணும், மேசை ஒண்ணு தாங்க"ன்னு தமிழ்லயே சொல்லுங்க. ஹட்டன், நுவரெலியா, கண்டி, எந்தக் கடையா இருந்தாலும் உள்ள கிச்சன்ல ஒரு தோட்டத்துப் பையன் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. தட்டு எடுத்துட்டு வர்றவனும் பல நேரம் நம்ம பையன்தான். அவன்கிட்ட "தம்பி, இதுல என்ன போடுவீங்க"ன்னு கேட்டா சந்தோஷமா சொல்லுவான். எனக்கு யாராவது அப்படிக் கேட்டு அனுப்பினா, அன்னைக்கு அந்த மேசைக்குப் போற ரைஸை இன்னும் கவனமாத்தான் போடுவேன்.

எங்க போறதுன்னு கேட்டா, என் ஓட்டும் நுவரெலியாவுக்குத்தான், ஆனா மத்தியானம் போங்க. ஹட்டன்ல இருந்து தலவாக்கலை, நானுஓயா வழியா ரெண்டு மணி நேரத்துப் பாடு. வளைவு ரோடு, பிள்ளைங்களுக்குக் காலையில வயிறு நிறையக் கொடுத்துறாதீங்க. பின்னேரம் ஆனா மூடுபனி இறங்கிரும், வர்ற பஸ்ஸும் பார்க்கணும். 12 மணிக்கு முந்தியே மேசை பிடிச்சிருங்க. அந்த நேரம் எண்ணெயும் புதுசு, சட்டியும் ஓய்வா இருக்கும். ஒன்றரை மணிக்கு ஓடர் குவிஞ்சா நாலு பேரோட ரைஸை ஒரே சட்டியில போட்டுப் பிரிக்க வேண்டி வரும், அப்ப சூடு சரியாப் பிடிக்காது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்க தண்ணி 94 பாகை அளவுலயே கொதிச்சிரும். அதனால சோறும் நூடுல்ஸும் வேக கூட நேரம் எடுக்கும். அவசரத்துல வடிச்ச கடையில சோத்துக்கு நடுவுல நறுக்குன்னு இருக்கும். அப்படி இருந்தா தயங்காம மாத்தித் தரச் சொல்லுங்க, அது உங்க காசு.

இப்ப கணக்கு. டவுன் கடையில சிக்கன் பிரைட் ரைஸ் ஃபுல் (பெரிய அளவு) ஒண்ணு 1,500 ரூபா முன்ன பின்ன வரும்னு வெச்சுக்கோங்க, ரெண்டு பெரியவங்க ஒரு பிள்ளைக்கு அது போதும். அப்பாயியும் சேர்ந்து சாப்பிடுற மாதிரி வெஜிடபிள் நூடுல்ஸ் ஒண்ணு 1,200. டெவல் சிக்கன் (காரமாப் பிரட்டின கோழி) ஒண்ணு 1,600. கங்குன் கீரை ஒண்ணு 800. ஹொட் பட்டர் மஷ்ரூம் 1,300. மொத்தம் 6,400. கடைக்குக் கடை மாறும், ஆனா இந்த அளவுலதான் சுத்தும்.

அங்கதான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. மெனுவோட அடியில சின்ன எழுத்துல பாருங்க. சேவைக் கட்டணம் 10 வீதம். கடை வற் (VAT வரி) பதிஞ்ச கடையா இருந்தா அது 18 வீதம், 2024 ஜனவரியில 15ல இருந்து கூட்டினது. 6,400க்கு ரெண்டும் சேர்ந்தா 8,000ஐத் தாண்டிரும். மெனுவில 8,000க்குச் சொல்லிட்டீங்கன்னா பில் பத்தாயிரத்துக்கு மேல. அதனால உட்கார்ந்ததும் முதல் கேள்வியே "தம்பி, இந்த விலைக்கு மேல டெக்ஸ், சேர்விஸ் சார்ஜ் வருமா?"ன்னு இருக்கட்டும். சின்னக் கடைங்கள்ல ரெண்டுமே இருக்காது, போர்டுல போட்ட விலைதான். அதைக் கேக்கிறதுல ஒரு வெக்கமும் இல்ல, பெரிய காரில வர்றவங்களும் கேக்கத்தான் செய்றாங்க. நான் நின்ன இடத்துல அந்தச் சேவைக் கட்டணத்தை மாசக் கடைசியில பொயின்ட் கணக்குல எங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. வீட்டுக்கு அனுப்புற காசுல பாதி அதுல இருந்துதான் வந்துச்சு.


பேராதனை_பண்டாரவளை எழுதியது:

கவி அக்கா, நான் பேராதனையில படிக்கிறேன், சொந்த ஊர் பண்டாரவளை. கண்டிக்கு வர்றதுன்னா தலதா வீதியில இருக்கிற கே.சி.சி. (கண்டி சிட்டி சென்டர்) மேல்மாடி ஃபூட் கோர்ட் உங்களுக்கு ஏத்த இடம். ஒவ்வொருத்தரும் வேற வேற கடையில வாங்கிட்டு ஒரே மேசையில உட்காரலாம். அப்பாயி தோசை சாப்பிட, தம்பி நாசி கோரெங் (இந்தோனேசிய பிரைட் ரைஸ்) சாப்பிடலாம். யாரும் "பார்சலா"ன்னு கேக்க மாட்டாங்க, நம்மளே போய் வாங்குறதுதான். மழை வந்தாலும் கவலை இல்ல, லிப்ட் இருக்கு, அப்பாயிக்குப் படி ஏற வேண்டாம்.

இனிப்புக்கும் கண்டிதான் நல்லது. பபிள் டீ கடைங்க இப்ப இங்க வந்திருக்கு, தம்பிக்குப் பிடிக்கும். 1980கள்ல தாய்வான்ல தொடங்கினது. பால் டீயில கறுப்பு உருண்டை போட்டு மொத்தமான ஸ்ட்ரோவால உறிஞ்சணும். அந்த உருண்டை மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்றது. அவிச்சு சீனிப்பாகுல போட்டு நாலு மணி நேரத்துக்குள்ள வித்துரணும், அதுக்கப்புறம் நடுவுல கட்டியாயிரும். அதனால "எப்ப அவிச்சது?"ன்னு கேட்டுட்டு வாங்குங்க. நல்ல உருண்டை பல்லுக்கு மெத்துன்னு இருந்து, திரும்ப எழும்பும். ஆனா நாலு வயசுப் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க அக்கா, உறிஞ்சும்போது நேரா தொண்டைக்குப் போய் அடைச்சிரும். அவருக்கு உருண்டை இல்லாம சொல்லலாம்.

முதல் தடவை குடிச்சப்ப எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. அம்மா பறிக்கிற கொழுந்து எங்கயோ ஒரு கடையில இப்படி 600, 700 ரூபாய்க்குக் கிளாஸ்ல போகுதுன்னு அவங்களுக்குச் சொன்னேன். அவங்களையும் கூட்டிட்டு வந்து வாங்கிக் கொடுக்கணும்னு இருக்கேன்.


டிக்கோயா_கவி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வோக் அண்ணே, நீங்க எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்தத் தம்பி எந்தத் தோட்டம்னு கேளு"ன்னு சொன்னாங்க.

நுவரெலியான்னு முடிவாயிருச்சு, தம்பிக்கும் அதுதான் ஆசை. இன்னும் சில கேள்வி இருக்கு அண்ணே. அப்பாயிக்கு வெஜிடபிள்னு போட்டிருக்கிறதை நம்பிச் சொல்லலாமா? தம்பிக்கு ஹொட் பட்டர் கணவாய் மீன் வேணுமாம், யூடியூப்ல பார்த்திருக்கான், மலைநாட்டுல அது நல்லாருக்குமா? பலூடா, வட்டிலப்பம் இதுல அப்பாயிக்கு ஏதாவது ஆகுமா? மிஞ்சினதைக் கட்டி எடுத்துட்டு வரலாமா?


கொட்டகலை_வோக் எழுதியது:

அம்மாகிட்ட சொல்லுங்க தங்கச்சி, கொட்டகலைப் பக்கம்தான், எங்க அம்மாவும் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவங்கதான்.

அப்பாயி விஷயம் முக்கியம், அதை விரிவாச் சொல்றேன். சைனீஸ் கடையில "வெஜிடபிள்"னா இறைச்சித் துண்டு இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். வெஜிடபிள் பிரைட் ரைஸ்ல முட்டை போடுறது எங்களுக்குப் பழக்கத்துல வர்ற கை, யாரும் சொல்லலைன்னா அது விழுந்துரும். வெஜிடபிள் சூப்புக்கு ஊத்துற தண்ணி கோழி எலும்பு அவிச்ச தண்ணி. கங்குனுக்கும் மஷ்ரூமுக்கும் ஒய்ஸ்டர் சோஸ் ஒரு கரண்டி போகும், அது சிப்பியில இருந்து வர்றது. நூடுல்ஸ்லயே முட்டை சேர்த்துப் பிசைஞ்ச வகை இருக்கு. ஹொட் பட்டர் மஷ்ரூமை மாவுல புரட்டுறதுக்கு முந்தி முட்டையில நனைக்கிற கடைங்க உண்டு. சில்லி பேஸ்ட்ல கூனி இறால் அரைச்சுப் போடுவாங்க. நாசி கோரெங் பக்கமே அப்பாயி போக வேணாம், இறால் விழுது இல்லாம அது நாசி கோரெங்கே இல்ல.

அதனால வெயிட்டர்கிட்ட "சைவம்"னு ஒரு வார்த்தையில நிறுத்தாதீங்க. இப்படிச் சொல்லுங்க: முட்டை வேணாம், ஒய்ஸ்டர் சோஸ் வேணாம், சிக்கன் ஸ்டொக் வேணாம், சில்லி பேஸ்ட் வேணாம், சோயா சோஸும் பூண்டும் மட்டும் போட்டு, சட்டியைக் கழுவிட்டுப் போடச் சொல்லுங்க. இதை ஓடர் சீட்ல எழுதச் சொல்லி, எழுதுறாரான்னு பாருங்க. வாயால சொன்னது கிச்சன் சத்தத்துல காதுல விழாது, எழுதினதைத்தான் நாங்க பார்ப்போம். சட்டி கழுவுறது பெரிய வேலை இல்ல. ஒவ்வொரு ஓடருக்கும் இடையில தண்ணி விட்டு மூங்கில் பிரஷ்ஷால தேய்க்கத்தான் செய்வோம். நூடுல்ஸ்ல சந்தேகமா இருந்தா அரிசி நூடுல்ஸ் இருக்கான்னு கேளுங்க. இதெல்லாம் கேட்டு முகம் சுளிச்சாங்கன்னா எழும்பி அம்பாள்ஸ்ல அப்பாயிக்கு முதல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்துட்டு மத்தவங்க சைனீஸுக்குப் போங்க, ரெண்டும் ஒரே வீதிதானே. ஆனா எல்லாரும் ஒரே மேசையில இருக்கணும்னுதானே தம்பி கேட்டான், அதனால முதல்ல கேட்டுப் பாருங்க.

அஜினமோட்டோ வேணாம்னும் சிலர் சொல்லுவாங்க. சொல்லலாம், போட மாட்டாங்க. ஆனா சோயா சோஸ்லயும் அதே சுவைதான் இயற்கையா இருக்கு. அதுக்காகப் பயந்துகிட்டுச் சாப்பிட வேணாம்.

தம்பியோட கணவாய்க்கு வர்றேன். அது சீனாவுல இல்லாத சைனீஸ் சாப்பாடு, இலங்கைக் கடைங்கள்ல பிறந்தது. கணவாயைக் கீறி, முட்டையில நனைச்சு, கோதுமை மாவும் கோன்பிளவரும் கலந்ததுல புரட்டி, நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில ஒரு நிமிஷம், அவ்வளவுதான். அடுத்த சட்டியில பட்டர் உருகி நுரைக்கும்போது பூண்டு, காய்ஞ்ச மிளகாய்த் துண்டு, வெங்காயத்தாள், அதுக்குள்ள பொரிச்சதைக் கொட்டி ரெண்டு தூக்கு தூக்கி இறக்கிரணும். அரை நிமிஷம் கூட வேகினா றப்பர். மலைநாட்டுக்கு வர்ற கணவாய் பெரும்பாலும் ஐஸ்ல உறைஞ்சது, அதுல தப்பில்ல, சரியா உருக வெச்சுத் தண்ணியைத் துடைச்சா நல்லாத்தான் இருக்கும். சந்தேகம்னா "கணவாய் இன்னைக்கு எப்படி?"ன்னு அந்தப் பையன்கிட்டயே மெதுவாக் கேளுங்க, அவன் முகமே சொல்லிரும். விலையும் மஷ்ரூமை விடக் கூட, அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. முக்கியமா அது வந்ததும் சாப்பிடணும். நுவரெலியாக் குளிர்ல தட்டு ஆறினதும் பட்டர் வெள்ளையா உறைஞ்சு மாவு சொதசொதன்னு போயிரும். போட்டோ எடுக்கிறதை தம்பி சீக்கிரம் முடிக்கட்டும்.

பிள்ளைங்களுக்குத் தனியா எதுவும் சொல்லத் தேவையில்ல. சிக்கன் ரைஸையே காரம் இல்லாமக் கேட்டு வாங்கி, டெவலைப் பெரியவங்க பக்கம் வெச்சுக்கோங்க. குளிரா இருந்தா பெரியவங்களுக்கு ஹொட் அண்ட் சவர் சூப் ஒண்ணு சொல்லி "ரெண்டாப் பிரிச்சுத் தாங்க"ன்னா தனிக் கோப்பையில தருவாங்க. அதைக் குடிச்சா உடம்பு சூடாகும், மிளகும் வினாகிரியும் பசியையும் கிளப்பும்.

இனிப்பு பத்தி எனக்கு அவ்வளவு தெரியாது, கிச்சன்ல அது வேற ஆள் வேலை. வட்டிலப்பத்துல முட்டை இருக்கு, அது மட்டும் நிச்சயம்.


பதுளை_மர்ஜான் எழுதியது:

இனிப்புக்கு நான் சொல்றேன், எங்க வீட்டுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் இல்லாமல் முடியாது. தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய், இதை அடிச்சு வடிச்சு ஆவியில அவிக்கிறது. மலாய் ஆக்கள் வழியா இந்த நாட்டுக்கு வந்த சாப்பாடுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நல்ல வட்டிலப்பத்தை வெட்டினா உள்ளுக்குள்ள சின்னச் சின்னப் பொத்தல் இருக்கும், கரண்டியால அமுக்கினா அதுல இருந்து பாணி (பாகு) கசியும். வழுவழுன்னு கட்டியா இருந்தா தேங்காய்ப்பாலைக் குறைச்சு கோன்பிளவர் போட்டிருக்காங்கன்னு வெச்சுக்கலாம். ஆகவே வோக் நானா சொன்ன மாதிரி பாட்டிக்கு ஆகாது, முட்டையும் இருக்கு, இனிப்பும் கூட.

பலூடாவுல முட்டை இல்ல. ரோஸ் சிரப், பால், ஊறின கசகசா (நம்ம ஊர்ல அப்படிச் சொல்ற திருநீற்றுப்பச்சை விதை), ஜெலி, மேல ஒரு ஐஸ்கிரீம். ஆனா ஜெலியை ஜெலட்டின்ல செஞ்சா அது மிருகத்துல இருந்து வர்றது. முஸ்லிம் கடைங்கள்ல பல இடத்துல கடற்பாசியில செய்வாங்க, அது சைவம், கேட்டுக்கோங்க. சுகர் இருக்கிற பாட்டிக்குச் சிரப் இல்லாம, ஜெலி இல்லாம, பாலும் கசகசாவும் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க, எந்தக் கடையிலயும் செய்து தருவாங்க. அல்லது எருமைத் தயிர் ஒரு சட்டி, பாணியைத் தனிக் கிண்ணத்துல கேளுங்க, பாட்டி தயிரை மட்டும் சாப்பிட, பிள்ளைங்க பாணியை ஊத்திக்கொள்ளட்டும். தயிரும் பாணியும் ஆறு பேர் பலூடா குடிக்கிறதை விட மலிவு.

நுவரெலியாவுல ஸ்ட்ரோபெரி கிடைக்கிற நேரம்னா கிரீம் போட்டு விப்பாங்க. பாட்டிக்குக் கிரீமும் சீனியும் இல்லாமப் பழம் மட்டும் ஒரு கோப்பை வாங்கலாம், கொஞ்சம் புளிக்கும், ஆனா நல்லது. தம்பி கேட்ட பலூடாவை அவருக்கு மட்டும் பெரிய கிளாஸா வாங்கிக் கொடுங்க. வாழ்த்துகள் தம்பிக்கு.


கொட்டகலை_வோக் எழுதியது:

மர்ஜான், ரொம்ப நன்றி, அந்தப் பொத்தல் விஷயம் எனக்கும் புதுசு.

கவி, மிச்சம் கட்டுறதைப் பத்திக் கேட்டீங்க. டெவல், கங்குன் மாதிரி இருந்தா கட்டலாம், வீட்டுக்கு வந்ததும் நல்லாச் சூடாக்கி அன்னைக்கே முடிச்சிரணும். ரைஸை மட்டும் வேணாம். அது காலையில வடிச்சு, ஆற வெச்சு, திரும்பப் பொரிச்ச சோறு. அதோட பஸ்ல ரெண்டு மணி நேரம், வீட்ல இன்னொரு ரெண்டு மணி நேரம்னு இருந்தா அதுல கிருமி நச்சு விட்டுரும், அது திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கிச்சன்லயே எங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது அதுதான். சின்னப் பிள்ளைங்களும் அப்பாயியும் இருக்கிற வீடு, அந்த ரிஸ்க் எடுக்காதீங்க.

அதனால முதல்லயே எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிறாதீங்க. ரைஸ் ஒரு ஃபுல், அப்பாயியோட நூடுல்ஸ், டெவல், கங்குன், இது வரட்டும். பத்தலைன்னா அடுத்த ரைஸை ஹாஃப் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல சுடச்சுட வரும். மஷ்ரூமா கணவாயான்னு அந்த நேரம் பில்லைக் கணக்குப் பார்த்து முடிவு பண்ணிக்கலாம்.